வெள்ளோட்டம்: நிகழ்ச்சிச் சாதனங்களை முன்கூட்டிப் பரிசோதிக்கும் முறை

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா நாளன்று முதன்முதலாக வடம் பிடித்து இழுப்பது வழக்கமில்லை. விழாவுக்கு முன்பே ஒரு நாள், சுவாமியை எழுந்தருளச் செய்யாமல், வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பார்கள். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். தச்சுக் கூடத்தில் நன்கு சுழலும் சக்கரம், வீதியின் மேடு பள்ளங்களில் எவ்விதம் ஓடும்? மூலை திரும்பும்போது முட்டுக்கட்டைக்கு அடங்குமா? இவற்றை வீதியிலேதான் அறிய முடியும். ஆகையால் தேர் செல்ல வேண்டிய வீதிகளிலேயே வெள்ளோட்டமும் நடைபெறுகிறது.

பலர் பங்கு கொள்ளும் நிகழ்ச்சிகளில் பயன்படும் ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, இணையத் தொடர்பு ஆகிய சாதனங்களுக்கும் இதே விதி பொருந்தும். கருவி இயங்குகிறதா என்று பார்ப்பது பாதிப் பரிசோதனையே. அதன் பயன் கடைசியாக அமர்ந்திருப்பவரைச் சென்றடைகிறதா என்று பார்ப்பதே மறுபாதி.

கேரளத்தில் ஒரு வெள்ளோட்டம்

2020ஆம் ஆண்டு கொரோனா நோய்ப் பரவலால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டிருந்தன. அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதி, கேரளக் கல்வித் துறையைச் சேர்ந்த கைட் நிறுவனம், தனது விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக ‘பர்ஸ்ட் பெல்’ என்னும் பாட ஒளிபரப்பைத் தொடங்கிற்று. பதினோராம் வகுப்பு நீங்கலாக, 1 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடங்கள் நடத்தப்பட்டன. ஆனால் தொடக்க நாட்கள் வெள்ளோட்டமாகவே கருதப்பட்டன. முதல் வாரப் பாடங்கள் இரண்டாம் வாரத்தில் மீண்டும் ஒளிபரப்பாயின. ஜூன் 15 முதலே புதிய பாடங்கள் தொடர்ந்தன.

இந்த அவகாசம் ஏன் தேவைப்பட்டது? ஒளிபரப்பு நிலையத்தில் குறையொன்றுமில்லை. எனினும், தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணவர் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று கணக்கெடுப்பில் தெரிய வந்தது. நிலையத்திலிருந்து பார்த்தால் பாடம் செவ்வனே நடந்தது. அக்குழந்தைகளின் வீட்டிலிருந்து பார்த்தால் பாடமே நடக்கவில்லை. இடையிலுள்ள நாட்களில், நூலகம், அங்கன்வாடி முதலிய பொது இடங்களில் தொலைக்காட்சி வைத்து அவர்களுக்கு வழி செய்யப்பட்டது. தமிழ் வழி, கன்னட வழி மாணவர்களுக்கான பாடங்களும் பின்னர் தயாரிக்கப்பட்டன.

எல்லைக் கிராமத்தில் வைத்துப் பார்ப்போம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகே உள்ளது கொல்லயில் கிராமம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு முதலிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. எனவே இப்பகுதியில் மலையாளத்துடன் தமிழும் வழங்கி வருகிறது. இத்தகைய ஊரின் நூலகத்தில் முப்பது குழந்தைகளுக்குத் தொலைக்காட்சிப் பாடம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். எவற்றைப் பரிசோதிக்க வேண்டும்?

முதலாவது, மழை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. பள்ளி திறக்கும் நாளும் அதுவே. செயற்கைக் கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டுக் கூரைமேல் வைக்கும் சிறிய கிண்ண வடிவ அலைவாங்கிக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய அலைகளைப் பெருமழைத் துளிகள் ஓரளவு உறிஞ்சியும் சிதறடித்தும் நலிவுறச் செய்கின்றன. பல்லாயிரம் கிலோமீட்டர் தடையின்றி வந்த அலை, தரைக்கு மேலுள்ள கடைசி நாலைந்து கிலோமீட்டரில் வலுவிழக்கிறது. மே மாத வெயிலில் தெளிவாகத் தெரிந்த படம் ஜூன் மழையில் சிதைவது இதனாலேயே. அலைவாங்கியின் திசை சிறிது பிசகியிருந்தாலும் வெயில் நாளில் அக்குறை வெளிப்படாது, மழையில் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, ஒலி. தகரக் கூரையில் மழை விழும் ஓசை ஆசிரியரின் குரலை அமுக்கிவிடும். மேலும், காலியான கூடத்தில் சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் ஒலி, ஆட்கள் நிறைந்த கூடத்தில் அவர்களுடைய உடலாலும் உடையாலும் உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஆளில்லாக் கூடத்தில் போதுமென்று வைத்த ஒலி, நிறைந்த கூடத்தின் கடைசி வரிசைக்குப் போதாது.

மூன்றாவது, மின்சாரம். நான்காவது, கருவியை இயக்கும் ஆள். ஐந்தாவது, பாடத்தின் மொழி.

இவ்வைந்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். ஒவ்வொன்றும் பத்துத் தடவைக்கு ஒன்பது தடவை சரியாக இயங்குவதாகவும், ஒன்றின் பழுது மற்றொன்றைச் சாராததாகவும் கொள்வோம். ஐந்தும் ஒருங்கே சரியாக அமையும் வாய்ப்பு 0.9ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைப்பதாகும். அதாவது சுமார் 0.59. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் நம்பத்தக்கதே. ஆயினும் நூறு நாளில் நாற்பத்தொரு நாள் பாடம் தடைப்படும்.

பரிசோதிக்கும் முறை

1. நிகழ்ச்சி நடக்கவிருக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் பரிசோதிக்க வேண்டும். மழை பெய்யும் நாளில் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

2. பார்ப்பவர் கடைசி வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டும்.

3. கருவியை அமைத்த நிபுணர் விலகி நிற்க, நிகழ்ச்சியன்று அதை இயக்கப் போகிறவரே இயக்க வேண்டும்.

4. மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். மாற்று ஏற்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

5. கண்ட குறையைத் தீர்க்கப் போதிய நாட்கள் இருக்கும்போதே பரிசோதிக்க வேண்டும். முந்திய இரவில் செய்யும் பரிசோதனை குறையைக் காட்டும். தீர்க்க அவகாசம் தராது.

6. யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டும். வந்தவர்களை மட்டும் கேட்டால், எல்லாம் நன்றாக நடந்தது என்ற பதிலே கிடைக்கும்.

இவற்றுள் ஆறாவது விதியே பெரும்பாலும் மறக்கப்படுவது. பழுதான கருவி தன் பழுதை ஓசையாலோ இருளாலோ தெரிவித்துவிடுகிறது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத குழந்தையோ யாருக்கும் ஒன்றும் தெரிவிப்பதில்லை. அதனைத் தேடிச் சென்றுதான் அறிய வேண்டும்.

பயிற்சி

உங்கள் ஊரில் அடுத்து நடக்கவிருக்கும் பொது நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான சாதனங்களின் கண்ணிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் யார், எங்கே, எந்த நாளில் பரிசோதிப்பார் என்று எதிரே குறியுங்கள். எதிரே பெயர் எழுத முடியாத கண்ணி எதுவோ, அதை முதலில் கவனியுங்கள்.