மாசு எங்கே போகிறது?

மாணவர்களே! மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தம்ளரில் ஒரு கரண்டி மண்ணையும், இரண்டாவதில் சிறிது சோற்றுக் கஞ்சியையும், மூன்றாவதில் ஒரு கரண்டி உப்பையும் போட்டுக் கலக்குங்கள். இரண்டு நாட்கள் அசைக்காமல் வைத்திருந்து பாருங்கள்.

முதல் தம்ளரில் மண்ணின் பெரும்பகுதி அடியில் படிந்திருக்கும். இரண்டாவது தம்ளரில் புளித்த வாடை வீசும். மூன்றாவது தம்ளரோ தெளிவாக இருக்கும், வாடையும் இராது. அப்படியானால் மூன்றாவதுதான் மிகத் தூய்மையான நீரா? இல்லை. நீங்கள் போட்ட உப்பு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

நீர் மாசின் மூன்று முக்கிய வகைகளை இத்தம்ளர்கள் காட்டுகின்றன. எந்த வகை மாசு என்பதை அறிந்தால்தான் அதனைப் பிடிக்கும் வழியும் தெரியும்.

நீரில் கலக்கும் மாசுகள்

மண், நார், சாம்பல் போன்ற கரையாத பொருள்கள் முதல் வகை. இவற்றைப் படிய வைத்தோ வடிகட்டியோ எளிதில் நீக்கலாம்.

கஞ்சியைப் போல் மக்கக்கூடிய பொருள்கள் இரண்டாம் வகை. வீட்டுச் சாக்கடை நீர், சர்க்கரை ஆலைக் கழிவு, தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு ஆகியவற்றில் இவை மிகுதி. பாக்டீரியாக்கள் இவற்றை உண்ணும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் பயன்படுத்திக்கொள்கின்றன. அதற்குத் தேவைப்படும் அளவே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்திருக்கும். ஒரு லிட்டர் சாக்கடை நீரின் தேவையோ 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். 25 லிட்டர் ஆற்று நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் ஒரு லிட்டர் சாக்கடை நீர் தீர்த்துவிட முடியும்! சாக்கடை கலந்த இடத்தில் மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். காலரா, டைபாய்டு முதலிய நோய்களின் கிருமிகளும் சாக்கடை நீரில்தான் பரவுகின்றன.

கரைந்து நிற்பவை, ஆனால் மக்காதவை, மூன்றாம் வகை. உப்புகளும் குரோமியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. பாக்டீரியாக்களால் இவற்றை அழிக்க முடியாது. மேலும் மேலும் நீர் சேர்த்தால் செறிவு குறையும், அளவு குறையாது.

நொய்யல் கற்பித்த பாடம்

மூன்றாம் வகை மாசு என்ன செய்யும் என்பதை நொய்யல் ஆற்றில் காணலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் இந்த ஆறு கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூரில் பனியன் துணிகளுக்குச் சாயமேற்றும் பட்டறைகள் பெருகின. பருத்தி நூலில் சாயம் நன்கு ஏறுவதற்காகச் சாயத் தொட்டியில் நிறைய உப்பைப் போடுவார்கள். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. அது அலசும் நீரோடு வெளியேறிவிடும்.

பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணையில் இந்தக் கழிவு நீர் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே செறிவு மேலும் கூடியது. சுற்றிலும் இருந்த கிணறுகள் உப்புக் கரித்தன, பயிர் விளையவில்லை. எந்த அணையின் நீருக்காக விவசாயிகள் காத்திருந்தார்களோ, அதே அணையைத் திறக்க வேண்டாம் என்று அவர்களே கேட்கும் நிலை வந்தது.

2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள் பெரும் துன்பத்துக்கு ஆளாயினர். விவசாயி, தொழிலாளி இருவருமே தண்டனை அனுபவித்தனர். தொடக்கத்திலேயே உப்பைப் பிடித்திருந்தால் இருவரும் தப்பியிருப்பார்கள் அல்லவா?

உப்பைப் பிடிப்பது எப்படி? உப்பு நீரைத் துணியில் வடிகட்டுங்கள், மணலில் வடிகட்டுங்கள். கரிப்பு போகாது. பெரியவர் ஒருவரின் துணையுடன் அதைக் கொதிக்க வைத்து, மேலே ஒரு தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். தட்டில் வழியும் துளிகளில் உப்பு இராது. பாத்திரத்தின் அடியில் உப்பு தங்கும். திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இதுவே நடைபெறுகிறது. முதலில் மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்திப் பிரிக்கிறார்கள். எஞ்சும் கடும் உப்பு நீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். நீரும் உப்பின் பெரும்பகுதியும் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகின்றன. ஆனால் இதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகின்றன. எதற்கும் உதவாத கலப்பு உப்பும் மிஞ்சுகிறது.

காற்றில் கலக்கும் மாசுகள்

காற்றிலும் மாசுகள் இரு வடிவங்களில் உள்ளன. ஒன்று துகள், மற்றொன்று வாயு. விறகடுப்பு, செங்கல் சூளை, அனல் மின் நிலையம், டீசல் வண்டி ஆகியவை துகள்களை வெளியிடுகின்றன. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களே மிகக் கொடியவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும். எனவே இத்துகள்கள் மூக்கின் ரோமங்களில் சிக்காமல் நுரையீரலின் ஆழம் வரை சென்றுவிடுகின்றன.

நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு.

உயர்ந்த புகைபோக்கிகள்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரில் காற்று வீசவில்லை. தரையருகே குளிர்ந்த காற்று. அதற்கு மேல் மூடியிட்டது போல் வெப்பக் காற்று. வீடுகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை மேலே செல்ல வழியின்றி மூடுபனியுடன் கலந்தது. சுமார் 4,000 பேர் இறந்தனர் என்று அப்போது கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் இந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்கின்றன.

1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. பல பகுதிகளில் புகை தரும் எரிபொருள்கள் தடை செய்யப்பட்டன. மின் நிலையங்களுக்கோ மிக உயரமான புகைபோக்கிகள் எழுப்பப்பட்டன. நகரின் காற்று தெளிந்தது. ஆனால் புகைபோக்கியின் வழியே சென்ற கந்தக வாயு எங்கே போயிற்று? பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் எழுந்த வாயு காற்றில் மிதந்து சென்று, நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையாகப் பெய்தது. அங்கே ஏரிகளில் மீன்கள் அழிந்தன. புகைபோக்கி மாசை அழிக்கவில்லை. வேறொருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டியது! 1979இல் நாடுகள் ஜெனீவாவில் கூடி, எல்லை கடந்து செல்லும் காற்று மாசைக் குறைக்க உடன்படிக்கை செய்துகொண்டன.

பிறக்கும் இடத்திலேயே பிடிப்போம்

அனல் மின் நிலையப் புகையை மின்னேற்றிய தகடுகளுக்கிடையே செலுத்தினால் துகள்களில் 99 சதவீதத்துக்கு மேல் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுகிறது. கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவினால் ஜிப்சம் கிடைக்கும். வண்டிகளில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களைப் பெருமளவு தீங்கற்றவையாக மாற்றுகிறது. ஈயம் அந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும், மூளையையும் பாதிக்கும். எனவே ஈயத்தைப் புகையில் பிடிக்க முயலாமல் பெட்ரோலில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், உலக முழுவதும் 2021இலும் இது நிறைவேறியது. மாசை உண்டாக்காமலே இருப்பதுதான் மிகச் சிறந்த கட்டுப்பாடு.

நம் நாட்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டன. சட்டம் பயன்தர வேண்டுமானால் கேள்வி கேட்கும் மக்கள் வேண்டும். யாராவது "ஆற்றில் விட்டால் கரைந்துவிடும்", "காற்றில் கலந்து போய்விடும்" என்று சொன்னால், "போய், எங்கே சேரும்?" என்று கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் கழிவு நீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த நீர்நிலையை அடைகிறது? வரைபடம் வரையுங்கள்.

2. வெள்ளைத் தாளில் வாசலின் தேய்த்து, ஒன்றைச் சாலையோரச் சன்னலிலும் மற்றொன்றைத் தோட்டத்திலும் ஒரு நாள் வையுங்கள். எதில் தூசி அதிகம்? ஏன்?

3. ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பாதி நீர் ஆவியானால் எஞ்சிய நீரில் லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருக்கும்? ஒரத்துப்பாளையத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டு விடை காணுங்கள்.