இரு கையும் வலக்கையா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் கைகளைப் பாருங்கள். இடக்கையும் வலக்கையும் மாறி மாறி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றன. கை நிறைந்ததும் கொழுந்து முதுகுக் கூடைக்குள் போய் விழுகிறது. ஒரு கையை மட்டும் நம்பினால் அன்றைக்கு அரைப் பேர்தான்.

இவ்வாறு இரு கைகளையும் ஒன்றுபோல் பயன்படுத்துபவரை எப்படி அழைப்பது?

வடமொழியில் 'சவ்யசாசி' என்பார்கள். 'சவ்ய' என்றால் இடது. இடக்கையாலும் வில்லை வளைக்க வல்லவன் என்பதால் மகாபாரதத்தில் அர்ச்சுனனுக்கு இப்பெயர் வந்தது.

ஆங்கிலத்தில் 'அம்பிடெக்ஸ்ட்ரஸ்' என்பர். இது இலத்தீனிலிருந்து வந்த சொல். 'அம்பி' என்றால் இருபுறமும். 'டெக்ஸ்டர்' என்றால் வலது. அதாவது, இரு கையும் வலக்கையானவர்! பாராட்டும் சொல்லிலும் இடக்கைக்கு இடமில்லை. இலத்தீனில் இடதைக் குறித்த 'சினிஸ்டர்' என்ற சொல்லோ ஆங்கிலத்தில் தீயதைக் குறிக்கிறது. நம் தமிழிலும் 'வலம்' என்பதற்கு வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு.

அரபு மொழி வேறொரு வழியில் செல்கிறது. அங்கே இத்தகையவர் 'அஃஸர் யஸர்' எனப்படுவார். இரண்டாம் கலீபா உமர் (ரழி) அவர்கள் அவ்வாறு இருந்தார்கள் என அறிவிப்புகள் கூறுகின்றன. 'அஃஸர்' என்றால் இடக்கைப் பழக்கமுள்ளவர். கஷ்டத்தைக் குறிக்கும் 'உஸ்ர்' என்ற சொல்லின் வேரே அதற்கும் வேர். 'யஸர்' என்பதோ இலகுவைக் குறிக்கும் 'யுஸ்ர்' என்ற சொல்லின் வேரில் பிறந்தது. 'உஸ்ர்', 'யுஸ்ர்' இரண்டும் 94ஆவது அத்தியாயமான அஷ்ஷர்ஹில் சேர்ந்தே வருவதை நாம் அறிவோம். இடப்பக்கத்தைக் குறிக்கும் 'யஸார்' என்ற சொல்லும் இலகுவின் வேரில் பிறந்ததே.

உண்பதும் பருகுவதும் வலக்கையால் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். அதைப் பிள்ளைகளுக்கு அன்போடு பழக்குவோம். ஆனால், எழுதும் கை வேறு விடயம். இடக்கையில் பென்சில் பிடிக்கும் பிள்ளையின் விரலில் அடிமட்டத்தால் அடித்தால், அவளுக்கு எழுத்தின் மீது வெறுப்புத்தான் வரும்.

பெற்றோரே, உங்கள் மகள் இடக்கையால் எழுதினால் எழுதட்டும். அந்தக் கையும் அல்லாஹ் படைத்ததே. துஆக் கேட்கும்போது நாம் இரு கைகளையும் சேர்த்துத்தானே ஏந்துகிறோம்?