கிரேக்கத் தெய்வங்களும் அவர்தம் தொழில்களும்

பண்டைக் கிரேக்கரின் தெய்வங்களைக் குறித்துக் கற்கப் புகும் அன்பர்கள் முதற்கண் ஒன்றை அறிதல் வேண்டும். அத்தெய்வங்கள் உலகைப் படைத்தவர் அல்லர். நிலமும் வானும் தோன்றிய பின்னர்ப் பிறந்தவர்கள் என்பதே ஹெசியாட் என்னும் புலவர் வழங்கிய மரபு. ஆதலின் அந்நாட்டார், ஒரு காரியம் நேர்ந்தால் அஃது எத்தெய்வத்தின் பொறுப்பு எனத் தேர்ந்து, அத்தெய்வத்திற்கே பலியிட்டனர்.

பொசைடன் கடலுக்கு, ஹெஸ்தியா அடுப்பு நெருப்புக்கு என்று பள்ளி நூல்கள் பட்டியலிடும். அஃது அரைப் பாடமே. பொசைடனுக்கு நிலநடுக்கமும் குதிரையுங்கூட உரியன. கொள்ளைநோயை ஏவுபவனும் அதனைத் தீர்ப்பவனும் அப்பாலோ ஒருவனே. தலைவனாகிய சீயஸோ அடைமொழிதோறும் வேறு வேலை பார்த்தான். சத்தியம் செய்யுமிடத்துச் சாட்சி அவன். விருந்தினர்க்குக் காவல் அவன். க்தேசியோஸ் என்னும் பெயரில் வீட்டுப் பண்டசாலையிலே ஒரு சாடியின் வடிவில் இருந்து பொருளைக் காத்தான். ஹெர்கேயோஸ் என்னும் பெயரில் முற்றத்து வேலியைக் காத்தான்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்குவோம். ஆதன்ஸ் நகரில் ஆர்க்கோன் என்னும் ஆட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவனைப் பதவியேற்குமுன் வினவுவர்: நின் தந்தை யார், தாய் யார், நின் குலத்து அப்பாலோவும் முற்றத்துச் சீயஸும் எங்கே உள்ளனர் என்று. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஆதன்ஸ் அரசியலமைப்பு நூல் இதனைக் கூறுகின்றது. யார் ஊரவன், யார் அயலான் எனக் காட்டிக் கொடுப்பதும் தெய்வத்தின் தொழில்களுள் ஒன்றாயிற்று. முற்றமே இல்லாதவனுக்கு முற்றத்துத் தெய்வம் ஏது?

இனித் தொழிலாளர் தெய்வத்துக்கு வருவோம். ஹிபீஸ்டஸ் கொல்லன், கால் ஊனமானவன். ஹோமரின் காவியத்தில் அவன் மூச்சிரைக்க ஓடி மது வார்க்கையில் ஏனைய தெய்வங்கள் அடக்கமாட்டாமற் சிரிக்கின்றனர். பின்னர் அவன் கட்டிக்கொடுத்த மாளிகைகளிலேயே சென்று உறங்குகின்றனர்! புலவர் பாட்டில் அவன் நிலை இவ்வாறிருக்க, ஆதன்ஸ் நகரத்தார் அவனை வேறுவிதமாகப் போற்றினர். சந்தைவெளிக்கு மேலுள்ள குன்றில், கொல்லர் பட்டறைகள் சூழ்ந்த இடத்தில், கி.மு. 449 அளவில் அவனுக்கும் அதீனாவுக்கும் 34 தூண்களுடன் கோவில் எழத் தொடங்கிற்று. இன்றும் அது பெரிதும் சிதையாமல் நிற்கின்றது. ஐப்பசி கார்த்திகை அளவில் வந்த கல்கேயா என்னும் திருநாள் கொல்லர்க்கு உரியது. அந்நாளிலேயே, தொழிலுக்குரியவளாகிய அதீனாவுக்குச் சாத்தும் ஆடைக்குத் தறியிற் பாவு ஏற்றினர். ஆலையிற் பாவும் ஊடையுமாக நெடுங்காலம் கழித்த நமக்கு, பாவு ஏற்றும் நாளைத் திருநாளாக்கிய மக்கள்மீது தனி அன்பு தோன்றுவது இயல்பே. ஆயினும் அவ்வாடையை நெய்யும் உரிமை உயர்குடிப் பெண்களுக்கே இருந்தது என்பதையும் மறைத்தலாகாது.

ஹிபீஸ்டஸ் விழாவைக் குறித்து மக்களவை கி.மு. 421 அளவில் செய்த தீர்மானம் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. நகரிற் குடியேறிய அயலார்க்கு மூன்று எருதுகள் அதில் ஒதுக்கப்பட்டன. பட்டறைகளில் உழைத்தவர் பலர் அவ்வயலாரே. கொல்லன் தெய்வத்தின் விழாவிலேனும் பலியிறைச்சியில் அவர்க்கொரு பங்கு கிடைத்தது.

லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் உழன்ற அடிமைகளின் நிலை வேறு. பிற்காலத்தே, உரோமர் ஆட்சியில், அப்பகுதியில் சாந்தஸ் என்னும் லிசியா நாட்டு அடிமை தானே ஒரு கோவில் நிறுவினான். அவன் நிறுவிய தெய்வம் ஒலிம்பஸ் மலைக்குரியதன்று. சிற்றாசியாவில் வழங்கிய மேன் என்னும் திங்கள் தெய்வம். கோவில் விதிகளையும் அவனே கல்லிற் பொறித்தான். பூண்டும் பன்றியிறைச்சியும் உண்டவர் தூய்மை செய்துகொண்டு வரவேண்டும். கொலைஞன் அவ்விடத்தை அணுகலாகாது. நிறுவியவனின்றி எவரும் பலியிடலாகாது. கள்ளமற்ற உள்ளத்துடன் வழிபடுவோர்க்குத் தெய்வம் அருள்க என்பன அவற்றுட் சில. வருபவனின் தந்தை யார், குலம் யாது என்று கேட்கும் விதி ஒன்றும் அவற்றுள் இல்லை.