வயல் வேலையில் பாம்புக்கடி: தடுக்கும் முறைகளும் முதலுதவியும்

விதை நேர்த்தி, உரமிடுதல், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றில் மிகுந்த அக்கறை காட்டும் விவசாயிகளில் பலர், வயலில் இறங்கும் தங்கள் கால்களுக்குப் பாதுகாப்புத் தேடிக் கொள்வதில்லை. இரவில் மோட்டார் போடப் போகும்போது கையில் விளக்கு இருப்பதில்லை. காலில் செருப்பு இருப்பதில்லை. பழகிய வரப்புதானே என்ற துணிவே இதற்குக் காரணம். ஆனால் அதே வரப்பில்தான் எலியும், எலியைத் தேடி வரும் பாம்பும் குடியிருக்கின்றன.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் உயிரிழந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் இது அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. இத்தனை உயிரிழப்புகளில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே. தடுக்கும் முறைகள் எளியவை. சிகிச்சைக்கு நல்ல மருந்தும் உண்டு.

நச்சுப் பாம்புகள் நான்கு

நம் வயல்களிலும் வீடுகளிலும் காணப்படும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கடிகளில் மிகப் பலவற்றுக்கு நான்கு பாம்புகளே காரணம்.

நல்ல பாம்பு: படம் எடுப்பதால் எல்லோரும் அறிந்தது. எலி வளைகள், வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை ஆகிய இடங்களில் தங்கும். கடிபட்ட இடத்தில் வலியும் வீக்கமும் உண்டாகும். நஞ்சு நரம்புகளைத் தாக்குவதால் கண் இமைகள் தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, பின்னர் மூச்சு திணறும்.

கட்டு விரியன்: பளபளப்பான கரிய உடலில் மெல்லிய வெண்ணிறக் கட்டுகள் இருக்கும். இரவில் நடமாடும். வீட்டுக்குள் புகுந்து, தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிப்பது இதன் இயல்பு. பெரும்பாலும் வலி இராது, வீக்கம் இராது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். இரவு நன்றாக இருந்தவர் விடியற்காலையில் கடும் வயிற்று வலியோடு எழுந்து, கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தால், தரையில் படுத்திருந்தவராயின், கட்டு விரியன் கடியாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். சூட்டு வலி என்று வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது.

கண்ணாடி விரியன்: பருத்த பழுப்பு நிற உடலில் சங்கிலி கோத்தாற்போல மூன்று வரிசைப் புள்ளிகள் இருக்கும். அருகில் சென்றால் குக்கர் ஆவி விடுவதுபோலச் சீறும். நெல் வயல், புல் மண்டிய வரப்பு, வேலி ஓரம் ஆகியவற்றில் அசையாமல் படுத்திருப்பதால் மிதித்து விடுவது எளிது. இதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது. கடுமையான வலி, வீக்கம், பல் ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியவை தோன்றும். சிறுநீரகமும் பழுதடையலாம்.

சுருட்டை விரியன்: சிறிய பாம்பு. மானாவாரி நிலம், கல் குவியல், முள் வேலி ஆகிய வறண்ட இடங்களில் வாழும். உடலைச் சுருட்டி, செதில்களை ஒன்றோடொன்று உரசி, மரம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். இதன் நஞ்சும் இரத்தத்தையே தாக்கும்.

சாரைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு ஆகியவற்றுக்கு நஞ்சில்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பது வெறும் கதை. அதற்கும் நஞ்சு கிடையாது. சாரைப் பாம்பு எலிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. அதைக் கண்டவுடன் அடித்துக் கொல்வது, வயலுக்கு எலிகளை அழைப்பதற்கு ஒப்பாகும்.

வயலில் செய்ய வேண்டியவை

பாம்புகள் மனிதர்களைத் தேடி வந்து கடிப்பதில்லை. மிதிக்கும்போதோ, கையால் தொடும்போதோ தற்காப்புக்காகவே கடிக்கின்றன. ஆகையால் காலும் கையும் போகும் இடத்தைக் கண் முதலில் பார்த்துவிட்டால் பெரும்பாலான கடிகள் நேரா.

முறை வைத்து வரும் மின்சாரத்திற்காகவும் வாய்க்கால் தண்ணீருக்காகவும் இரவில் வயலுக்குச் செல்பவர்கள் கட்டாயம் டார்ச் விளக்கு வைத்துக் கொள்ள வேண்டும். ஒரு கோலால் தரையைத் தட்டிக் கொண்டே நடப்பது நல்லது. தரையின் அதிர்வை உணர்ந்து பாம்பு விலகிச் செல்ல வாய்ப்புண்டு. மோட்டார் கொட்டகைக்குள் நுழையும் முன் சுவிட்சுப் பெட்டியின் அடிப்பகுதியையும் மூலைகளையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மல்லிகை பறிக்க விடியுமுன் செல்லும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

சேற்று வயலில் செருப்பணிந்து நாற்று நட இயலாதுதான். ஆனால் வயலுக்குப் போகும் வழியிலும், வரப்பு செதுக்கும்போதும், கரும்பில் தோகை உரிக்கும்போதும் கணுக்காலை மூடும் காலணி அணியலாம். முழங்கால் வரை உள்ள ரப்பர் பூட்ஸ் இன்னும் பாதுகாப்பானது.

அறுவடையில் கைகளுக்கும் ஆபத்து உண்டு. இரவு முழுவதும் வயலில் கிடந்த கதிர்க்கட்டுகளைக் காலையில் கோலால் புரட்டிப் பார்த்த பிறகே தூக்க வேண்டும். நிலக்கடலைக் கொடிக் குவியல், தென்னை மட்டைக் குவியல், விறகு அடுக்கு ஆகியவற்றிலும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். எலி வளைக்குள் எக்காரணம் கொண்டும் கையை விடக் கூடாது.

எலியைக் குறைத்தால் பாம்பு குறையும்

பாம்பு வயலுக்கும் வீட்டுக்கும் வருவது பெரும்பாலும் எலிக்காகவும் தவளைக்காகவுமே. எனவே எலிக் கட்டுப்பாடு பயிருக்கும் உயிருக்கும் சேர்த்துப் பயன் தருகிறது. அகலமான, உயர்ந்த வரப்புகளில் எலிகள் எளிதாக வளை தோண்டும். வரப்புகளைக் குறுக்கி, புல் பூண்டு இல்லாமல் செதுக்கி வைத்தால் வளைகள் குறையும். தஞ்சாவூர்க் கிட்டிகளை வைத்து எலிகளைப் பிடிக்கலாம். நீண்ட கழியின் நுனியில் குறுக்குக் கட்டை வைத்து வயலில் ஆங்காங்கே நட்டால், ஆந்தைகள் இரவில் அதில் அமர்ந்து எலிகளைப் பிடித்துத் தின்னும். ஒருவர் மட்டும் செய்வதைவிட, பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

வீட்டில் தானிய மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். வைக்கோல் போர், வறட்டி, விறகு ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டிச் சேர்க்கக் கூடாது. கதவின் அடி இடைவெளியையும் சுவர் ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். பூண்டு, பினாயில் முதலியவை பாம்பை விரட்டும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் நன்கு செருகிக் கொள்வதும் கட்டு விரியனிடமிருந்து காக்கும் சிறந்த வழிகள். இதே கொசுவலை கொசுக்கடியிலிருந்தும் காக்கிறது.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

முதலாவதாக, கடிபட்டவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். கடித்த பாம்புகள் பலவும் நஞ்சற்றவை. நச்சுப் பாம்புகளும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. அதனால் பதற வேண்டியதில்லை. ஆனால் அலட்சியமும் கூடாது. எந்தக் கடியானாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும்.

அடுத்து, கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடக் கூடாது. உடல் அசைய அசைய நஞ்சு விரைவாகப் பரவும். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல, கடிபட்ட காலையோ கையையோ ஒரு பலகை அல்லது மூங்கில் பிளாச்சோடு சேர்த்து, துண்டால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்த பிறகு இவை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அது வரத் தாமதமாகுமானால் கிடைத்த வண்டியில் ஏற்றிச் செல்லலாம். மோட்டார் சைக்கிள்தான் உண்டு என்றால், ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக் கொள்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை அமர்த்த வேண்டும். மயக்கமோ வாந்தியோ இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். கடித்த நேரத்தையும், பின்னர் தோன்றிய அறிகுறிகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

கடிவாய்க்கு மேல் கயிற்றால் இறுகக் கட்டும் பழக்கம் இன்னும் கிராமங்களில் உள்ளது. இதனால் இரத்த ஓட்டம் நின்று, காலே அழுகிப் போகலாம். ஏற்கனவே இறுகக் கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்காமல், மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே நல்லது. கடிவாயைக் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துக் கட்டுவது ஆகிய அனைத்தும் தீங்கே தரும். மது கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் கொடுத்தால்கூடப் புரை ஏறி மூச்சடைக்கலாம்.

வேப்பிலையையோ மிளகாயையோ மெல்லக் கொடுத்து, கசப்பும் காரமும் தெரிகிறதா என்று பார்த்து நஞ்சு ஏறியதை முடிவு செய்வது நம்பத் தகுந்த சோதனையன்று. மந்திரத்தாலும் விஷக் கல்லாலும் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. நஞ்சற்ற பாம்பு கடித்தவர் எந்த வைத்தியம் செய்தாலும் பிழைப்பார்; வைத்தியமே செய்யாவிட்டாலும் பிழைப்பார். அதைப் பார்த்து நம்பி, நச்சுப் பாம்பு கடித்தவரையும் அங்கே கொண்டு செல்வதால்தான் பொன்னான நேரம் வீணாகிறது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே விஷ முறிவு மருந்துதான் கொடுக்கப்படுகிறது. ஆகையால் பாம்பைத் தேடி அடித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அவசியமே இல்லை. அப்படித் தேடப் போய் இன்னொருவர் கடிபடுவதும் உண்டு.

நஞ்சைச் சிறு அளவில் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து இம்மருந்து தயாரிக்கப்படுகிறது. இதற்குத் தேவையான நஞ்சை எடுத்துத் தருவதில், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கி வரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பெரும் பங்கு வகிக்கிறது.

மருத்துவர் கடிபட்டவரின் இரத்தத்தைச் சிறிது எடுத்து, கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார். உறையாவிட்டால் விரியன் நஞ்சு ஏறியுள்ளது என்று கொள்ளலாம். நரம்புப் பாதிப்பின் அறிகுறிகளையும் கவனிப்பார். நஞ்சு ஏறியிருந்தால் மட்டுமே முறிவு மருந்து கொடுக்கப்படும். குழந்தையைக் கடித்தாலும் பாம்பு செலுத்தும் நஞ்சு குறைவதில்லை என்பதால், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்குரிய அளவே தரப்படுகிறது. இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கலாம். எனவே மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே இதைப் பெற வேண்டும். மூச்சு திணறுபவர்களுக்குச் செயற்கைச் சுவாசக் கருவி உயிர் காக்கும்.

அறிகுறி ஏதும் இல்லாதவர்களையும் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது வழக்கம். நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் வீடு திரும்பக் கூடாது.

வீட்டிலோ கொட்டகையிலோ பாம்பு புகுந்துவிட்டால், தாமே பிடிக்க முயலாமல், விலகி நின்று தீயணைப்பு நிலையத்திற்கோ வனத்துறைக்கோ தகவல் தர வேண்டும்.

ஒரு டார்ச் விளக்கு, ஒரு கோல், ஒரு ஜோடி காலணி, ஒரு கொசுவலை: இந்த நான்குக்கும் ஆகும் செலவு, ஒரு குடும்பத் தலைவரின் உயிரோடு ஒப்பிட மிகச் சொற்பமே. அருகில் விஷ முறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது என்பதை இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து, வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பயிரைக் காப்பது போலவே தம் உயிரையும் காத்து, விவசாயப் பெருமக்கள் நலமுடன் வாழ இம்முறைகளைத் தவறாமல் கடைப்பிடிப்பது நல்லது.