பெற்றோர் இரு மாநிலங்களில்: குழந்தைப் பொறுப்பு வழக்குகளும் சட்டமும்

குடும்பம் பிரியும்போது வீட்டையும் நிலத்தையும் நகையையும் பங்கிட்டுக் கொள்ளலாம். குழந்தையைப் பங்கிட முடியாது. ஒரே ஊரில் வாழும் பெற்றோர் பிரிந்தாலும் குழந்தை யாரிடம் வளர்வது என்பது கடினமான கேள்வியே. பெற்றோர் இருவரும் இரு வேறு மாநிலங்களில் குடியேறிவிட்டாலோ, அதற்கு முன்பாகவே மற்றொரு கேள்வி எழுகிறது. வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்பதே அது. ரயில்வே, வங்கி, இராணுவம், தொழிற்சாலை எனப் பணி நிமித்தம் மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்வது இயல்பாகிவிட்ட இந்நாளில், இக்கேள்வியின் முக்கியத்துவம் பெருகியுள்ளது.

பிரச்சினையைத் தெளிவாக அறிய ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நாகபுரியில் வாழ்ந்த ஓர் இந்துத் தம்பதியருக்கு ஆறு வயதுக் குழந்தை. மே மாத விடுமுறையில் தாய் குழந்தையுடன் ஜபல்பூரிலுள்ள பிறந்த வீட்டிற்குச் செல்கிறாள். பள்ளி திறந்த பின்னரும் திரும்பவில்லை. குழந்தை ஜபல்பூர்ப் பள்ளியொன்றில் சேர்க்கப்படுகிறது. தந்தை நாகபுரியில் குழந்தைப் பொறுப்பைக் கோரி மனுச் செய்கிறார். தாய் ஜபல்பூரில் மணவிலக்கு வழக்குத் தொடுத்து, அதிலேயே குழந்தையைத் தன்னிடம் விட வேண்டுமென்று வேண்டுகிறாள். மகாராஷ்டிரத்தில் ஒரு வழக்கும் மத்தியப் பிரதேசத்தில் ஒரு வழக்குமாக இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றியவை.

வழக்கமாக வசிக்கும் இடம்

இந்தியாவில் இவ்விஷயத்தில் ஒரு நன்மை உண்டு. மாநிலங்கள் பலவாயினும் அடிப்படைச் சட்டங்கள் மத்தியச் சட்டங்களே. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புப் பெறுவோர் சட்டம் அவற்றுள் முதன்மையானது. மைனரின் உடல் காப்பு பற்றிய மனுவை, அந்த மைனர் ‘வழக்கமாக வசிக்கும்’ இடத்தின் மீது அதிகார வரம்புடைய மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று அதன் 9-ஆவது பிரிவு கூறுகிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி குடும்ப நீதிமன்றம் அமைக்கப்பட்டுள்ள பகுதிகளில் இந்த அதிகாரம் அந்நீதிமன்றத்திற்கு உரியது.

இங்குக் கவனிக்க வேண்டியது, சட்டம் தந்தையின் முகவரியையோ தாயின் முகவரியையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதே. குழந்தையின் இருப்பிடமே அளவுகோல். ‘வழக்கமாக’ என்ற சொல்லும் காரணத்தோடு சேர்க்கப்பட்டது. விடுமுறைக்குச் சென்ற இடமும், மனுத் தாக்கல் செய்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவசரமாகக் கொண்டு சேர்த்த இடமும் வழக்கமான வசிப்பிடமாகிவிடா. அவ்வாறு ஆகுமானால், முதலில் குழந்தையைத் தூக்கிச் செல்பவரே நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுப்பவராகிவிடுவார்.

எனினும் எத்தனை மாதம் வசித்தால் வழக்கமான வசிப்பிடம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. 2011-இல் ருச்சி மஜூ வழக்கில் உச்ச நீதிமன்றம், இது பெரிதும் பெற்றோரின் நோக்கத்தையும் சூழ்நிலைகளையும் பொறுத்த நிகழ்வு சார்ந்த கேள்வி என்று விளக்கியது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடும்பச் சட்டம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதால், 1968-இலும் பின்னர் 1997-இலும் மாதிரிச் சட்டங்கள் வகுக்கப்பட்டன. வழக்குத் தொடங்குவதற்கு முன் ஆறு மாத காலம் குழந்தை வாழ்ந்த மாநிலமே ‘தாய் மாநிலம்’ என அங்குப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இந்தியச் சட்டத்தில் இத்தகைய கால அளவு இல்லை. இதனால் நீதிபதிக்கு நெகிழ்வு கிடைக்கிறது. ஆயின் அதிகார வரம்பைப் பற்றிய வாதமே நீண்டு, அதற்குள் குழந்தை புதிய ஊரில் வேரூன்றிவிடும் அபாயமும் இருக்கிறது.

இரு நீதிமன்றங்கள், ஒரு குழந்தை

நமது எடுத்துக்காட்டில் தாய் தொடுத்த வழக்கும் சட்டத்திற்குப் புறம்பானதன்று. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 2003-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். அவ்வழக்கு நடக்கும்போது குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி குறித்து அந்நீதிமன்றம் 26-ஆவது பிரிவின் கீழ் உத்தரவிடலாம். தாய் வன்முறைக்கு அஞ்சி வெளியேறியவளாகவும் இருக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்து நடுவரையும் அணுக அனுமதிக்கிறது. குழந்தையைத் தற்காலிகமாக அவளிடம் விட அந்நடுவர் ஆணையிடலாம். எனவே குழந்தையுடன் வீட்டை விட்டுச் சென்றவர் குற்றவாளி என்றோ, வீட்டில் தங்கியவர் நிரபராதி என்றோ முன்கூட்டியே முடிவு கட்டலாகாது.

இரு மாநிலங்களில் வழக்குகள் நிலுவையில் இருப்பின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு வழி காட்டுகிறது. ஒரு மாநில நீதிமன்றத்திலுள்ள வழக்கை மற்றொரு மாநில நீதிமன்றத்திற்கு மாற்றும் அதிகாரம் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் உச்ச நீதிமன்றத்திற்கு அளிக்கப்பட்டது. மண வழக்குகளில் மனைவியின் வசதியையும், உடன் வரவேண்டிய குழந்தையின் வயதையும் உச்ச நீதிமன்றம் பெரிதும் கருதி வந்துள்ளது. ஆயினும் மாற்று மனு முடிவாகும் வரை அடிப்படை வழக்கு பெரும்பாலும் நகர்வதில்லை. காணொலிக் காட்சி வாயிலாக விசாரிப்பது பயணச் சுமையைக் குறைக்கும். ஆனால் 2017 அக்டோபரில் சாந்தினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சமரச முயற்சி தோல்வியுற்ற பின்னர், இரு தரப்பினரும் இசைந்தால் அதனை அனுமதிக்கலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது.

குழந்தையின் நலனே முதன்மை

எந்த நீதிமன்றம் விசாரித்தாலும் அளவுகோல் ஒன்றே. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, மைனரின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 6-ஆவது பிரிவு. தந்தைக்குப் ‘பின்’ தாய் இயற்கைக் காப்பாளர் என்ற அதன் வாசகத்திற்கு, தந்தையின் மரணத்திற்குப் பின் என்று மட்டுமே பொருள் கொள்ளலாகாது என 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தன் விருப்பத்தை அறிவோடு வெளியிடக்கூடிய வயதுடைய மைனரின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளல்லர் என்பதை 1973-இலேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆட்கொணர்வு மனுவும் ஒரு வழியே. மைனரைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்குச் சட்டப்படி அவ்வுரிமை இல்லையெனில் உயர் நீதிமன்றம் தலையிடலாம் என்பது 2019-இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உறுதி செய்யப்பட்டது. ஆனால் விரிவான சாட்சியம் தேவைப்படும் வழக்குகளில் கட்சிக்காரர்கள் காப்பாளர் சட்டத்தின் கீழான நீதிமன்றத்தையே நாடவேண்டியிருக்கும். விரைவான வழி என்பதால் மட்டும் அது எல்லா வழக்குக்கும் பொருத்தமான வழியாகிவிடாது.

காலமே பெரிய எதிரி

சட்டம் ஒன்றாக இருந்தும் துன்பம் குறையாமைக்குக் காரணம் காலதாமதம். இறுதித் தீர்ப்புக்குச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு மூன்று ஆண்டுகள் என்பது அதன் வாழ்நாளில் பாதி. அக்காலத்தில் அது புதிய பள்ளி, புதிய நண்பர்கள், சில சமயம் புதிய மொழி ஆகியவற்றுக்குப் பழகிவிடுகிறது. உடனில்லாத பெற்றோர் அந்நியராகிவிடுகிறார். பின்னர், பழகிய சூழலைக் கலைப்பது குழந்தைக்கு நலமன்று என்ற வாதமும் எழுகிறது. அது பொய்யான வாதமன்று. தாமதமே அதனை மெய்யாக்கிவிடுகிறது.

ஆகவே இடைக்கால உத்தரவு, இறுதித் தீர்ப்புக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மைனரை ஆஜர்படுத்தவும் தற்காலிகப் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்யவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் காணும் உரிமையோடு தொடர்பு கொள்ளும் உரிமையும், குறிப்பாகப் பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ வாழும்போது, குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்றது. உடனில்லாத பெற்றோர் நாள்தோறும் சில நிமிடங்களேனும் குழந்தையுடன் காணொலியில் பேச வாய்ப்பளிக்கலாம் என்பதும் அதில் அடங்கும்.

இத்தகைய உத்தரவுகள் விவரமாக அமைதல் வேண்டும். எந்த விடுமுறையில் எத்தனை நாள், எந்த ரயில் நிலையத்தில் எவரிடம் ஒப்படைப்பது, பயணச் செலவு யாருடையது, வாரத்தில் எந்நேரம் தொலைபேசி என்பன எழுதப்படாவிடில், ஒவ்வொரு விடுமுறையும் புதிய வழக்கிற்குக் காரணமாகும். உத்தரவு மீறப்பட்டால், குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி அதனை நிறைவேற்றத்திற்காக வேறு குடும்ப நீதிமன்றத்திற்கோ உரிமையியல் நீதிமன்றத்திற்கோ அனுப்பலாம்.

அலுவலர்களின் கடமை

வழக்கின் முடிவு நீதிபதியின் கையில் இருப்பினும், அதற்கு ஆதாரமான பதிவேடுகள் பிற அலுவலர்களின் கையில் உள்ளன. குழந்தை வழக்கமாக எங்கு வசித்தது என்பதைப் பள்ளி வருகைப் பதிவேடும், தடுப்பூசி அட்டையும், குடும்ப அட்டையும் காட்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. எனவே தலைமையாசிரியர் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவரே. பெற்றோரின் தகராறில் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்த நாளையும் முந்திய பள்ளியையும் பிழையின்றிப் பதிவு செய்தாலே போதும்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் பங்கும் பெரிது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வேற்று மாநிலத்தில் வழக்கு நடத்த இயலாத தாய்க்கு இதனை எடுத்துரைப்பது, அவளது குழந்தையின் வழக்கையே காப்பதாகும். சமரசத்திற்கு முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் சட்டக் கடமையும் ஆகும். கூட்டுப் பொறுப்பு, சமரசம் ஆகியவற்றுக்கு இடமளித்துச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று சட்ட ஆணையம் 2015 மே மாதத்தில் அளித்த 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

மாநில எல்லை நிர்வாக வசதிக்காக வகுக்கப்பட்டது. குழந்தையின் பாசத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. நாகபுரிக்கும் ஜபல்பூருக்கும் இடையிலுள்ள ஓர் இரவுப் பயணம், தந்தையையும் குழந்தையையும் ஆண்டுக்கணக்கில் பிரிக்கும் தூரமாகிவிடலாகாது. முதல் விசாரணை நாளிலேயே, குழந்தை இன்று எங்கே இருக்கிறது, அடுத்த விடுமுறையில் மற்றப் பெற்றோரை எவ்வாறு காணும் என்ற இரு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைக்குமானால், எஞ்சிய சட்டக் கேள்விகளைப் பொறுமையோடு ஆராயலாம்.