புகை தெரிகிறது, எரிவது எந்தக் கிடங்கு?

மாணவர்களே, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வருகிறீர்கள். துறைமுகக் கிடங்குகளுக்கு மேலே புகை எழுகிறது. ஏதோ எரிகிறது என்று தெரியும். எந்தக் கிடங்கு, எவ்வளவு பெரிய தீ என்பது தெரியாது. சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்.

படிவம் 4 மாணவி ஒருத்தி துறைமுகத்தில் வேலை செய்யும் தன் தந்தையின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்தாள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 12 மில்லிகிராம். "டீச்சர், அப்பாவுக்கு இதயத்துல அடைப்பா?" என்று கேட்டாள்.

சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டனர். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் இன்டர்லூக்கின்-6 என்ற வேதிச்செய்தி கல்லீரலை எட்டும்; சி.ஆர்.பி. உயரும். பல்லில் சீழ் பிடித்தாலும் உயரும்.

இதயத்துக்கு வருவோம். கரோனரித் தமனி அடைப்பு என்றதும் வீட்டுக் குழாயில் அழுக்கு சேர்வதுபோல் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கொலஸ்ட்ரால் தமனியின் சுவருக்குள்ளேயே நுழைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை இரத்த அணுக்கள் அங்கேயே தங்கி அழற்சியை வளர்க்கின்றன. கொழுப்புப் படிவின் மேல்மூடி மெலிந்து கிழிந்தால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரும். பாதிகூட அடைபடாத தமனியிலும் இது நடக்கலாம். ஆகவே சி.ஆர்.பி.யின் அளவை வைத்து, ஆஞ்சியோகிராமில் எத்தனை சதவீத அடைப்பு தெரியும் என்று சொல்லிவிட முடியாது.

அழற்சிக்கும் மாரடைப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். கனகினுமாப் என்ற மருந்து கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தது. 150 மில்லிகிராம் அளவில் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிர்பறிக்கும் நோய்த்தொற்றுகள் சற்றுக் கூடின. தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்பினால் வேறு இடத்தில் தீப்பிடிக்கலாம் அல்லவா?

நம் இனத்தவருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 2005-இல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர், உடல் கொழுப்பும் நீரிழிவும் உள்ளவர்களிடம் சி.ஆர்.பி. கூடுதலாக இருப்பதைக் காட்டினர். நாசி கண்டார் கடைக்கு வாரம் எத்தனை முறை போகிறேன் என்று நானும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

இதய அபாயத்தைக் கணிக்கும்போது 1-க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேலே அதிகம். 10-ஐத் தாண்டினால் முதலில் நோய்த்தொற்று உண்டா என்று தேட வேண்டும். அந்தத் தந்தைக்குப் பரிசோதனை நாளில் கடைவாய்ப்பல் வீங்கியிருந்ததாம். பல் ஆறி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 2.4. இனி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். சிகரெட்டை விடச் சொல்லிவிட்டார் மருத்துவர்.