எந்த ஊர் மணி?

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். வேலைக்கு அழைக்கும் பெரட்டு மணி அடித்ததும் அம்மா கூடையோடு கிளம்பிவிடுவாள். அந்த மணி அந்த மலைக்கு மட்டுமே உரியது. புரோகிராம் எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு நேரக் கணக்குப் பாடத்தை நான் அந்த மணியிலிருந்துதான் தொடங்குவேன்.

1. திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி எந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது என்று முதலில் கேளுங்கள். எங்கள் லயத்து அக்காவின் மகன் லண்டனிலிருந்து ஞாயிறுதோறும் பகல் 2 மணிக்குக் கூப்பிடுவான். குளிர்காலத்தில் இங்கே இரவு 7.30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியதும் இங்கே 6.30 ஆகிவிடும், அக்கா உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம். அந்த மாற்றத்தை யார் தாங்குவது என்பதை அவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

2. உள்ளூர் மணி, திரும்பும் விதி, ஊர்ப்பெயர் மூன்றையும் சேமியுங்கள். யுடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து +5.30 போன்ற வித்தியாசத்தை மட்டும் வைத்தால் ஒருநாள் அடிபடுவீர்கள், நான் பட்டிருக்கிறேன். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்தது. 2006 ஏப்ரலில் இன்னும் அரை மணி இழுத்து நம் நேரத்துக்கே திரும்பியது. கொழும்பில் காலை 9 மணிக்கு அடிக்க வேண்டிய நினைவூட்டலை நான் யுடிசி 3.00 என்று சேமித்திருந்தேன். அது 8.30க்கே அடிக்கத் தொடங்கியது. 'ஏசியா/கொழும்பு' என்ற பெயர் இருந்திருந்தால், நேர மண்டலத் தரவைப் புதுப்பித்ததோடு வேலை முடிந்திருக்கும்.

3. நாளை என்றால் 86,400 விநாடி கழித்து என்று எண்ணாதீர்கள். லண்டனில் 2024 மார்ச் 31க்கு 23 மணி நேரம்தான். அக்டோபர் 27க்கு 25. நாட்காட்டியில் தேதியைக் கூட்டி, மணியைச் சேர்த்து, கடைசியில் யுடிசிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் தொடக்க நாளிலிருந்தே கணக்கிடுங்கள். கடிகாரம் முன்னே தாவியதால் இல்லாமல் போன மணி ஒன்றை அன்று சற்றுத் தள்ளிவைத்து, அதிலிருந்தே அடுத்ததைக் கணக்கிட்டால் அந்தத் தள்ளல் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

4. அந்த மார்ச் 31இல் லண்டனில் அதிகாலை 1.30 வரவே இல்லை. அக்டோபர் 27இல் இரண்டு தடவை வந்தது. பைத்தானில் ஃபோல்ட் என்ற பண்பு 0 என்றால் முதல் 1.30, 1 என்றால் இரண்டாவது. மாத்திரை நினைவூட்டல் இரண்டு தடவை அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

5. இன்று கடிகாரத்தை மாற்றாத இந்திய நேரத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழைகள் கண்ணில் படாது. (1942 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், இங்கும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தார்கள்; பழைய ஆவணத் தேதிகளைத் தொடுகிறவர்கள் கவனியுங்கள்.) லண்டனையும் டொராண்டோவையும் சோதனையில் சேருங்கள். டொராண்டோ மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு. லண்டன் மாறும்வரை இரண்டு மூன்று வாரம், இரு ஊருக்கும் இடையே ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அந்த வாரங்களில் வரும் ஒரு புதன்கிழமையையும் விடாமல் ஓட்டிப் பாருங்கள்.